அண்ணாந்தாரின் ஷேடு கார்டு

மத்தியானம் மூன்றே முக்காலுக்குச் செய்தி வந்தது. டாக்சி அலுவலகத்து ஃபோனில்தான் வந்தது. எடுத்தது அங்கே வேலை பார்க்கும் அண்ணாந்தாரின் மனைவி. வருஷக்கணக்கான பழக்கம், ஃபோனைக் காதில் வைத்ததும் வாய் தானாகவே, "சொல்லுங்க, எங்க ஏறணும்?" என்றது.

மறுமுனையில் ஒரு பெண் குரல் தயங்கியது. "ஏறணும்னு இல்லீங்க. எங்க வீட்ல ஒருத்தர் சீலிங் பெயிண்ட் அடிச்சிக்கிட்டிருந்தாரு..."

"எந்த ஏரியாம்மா?"

"நீங்க அவரு வீட்டம்மாங்களா?"

அப்போதுதான் அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

அந்தப் பெண் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் ஏணியிலிருந்து விழவில்லை, தானாகவே இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், எடுத்துக்கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது, ஆம்புலன்சில் வந்தவர்கள் பார்த்துவிட்டு உயிர் இல்லை, இதயம் என்றார்கள். விழவில்லை என்பதில் ஏதோ ஆறுதல் இருப்பதுபோல் அதை மட்டும் நான்கைந்து தரம் சொல்லியிருப்பாள்.

மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "கழுத்து வலிக்குதுன்னு ஏதாவது சொன்னாரா?"

இதென்ன கேள்வி என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கும். அந்தக் கழுத்தின் கதை தெரிந்தால் தோன்றாது. அது தெரிந்துவிட்டால் அந்த மனிதரைப் பற்றியும் முக்கால்வாசி தெரிந்த மாதிரிதான்.

அவர் சீலிங் பெயிண்டர். சுவர் வேலையை அவர் ஒரு வேலையாகவே மதித்ததில்லை. "சுவர யார் வேணா அடிக்கலாம். நேராப் பாத்துக்கிட்டே அடிக்கறதுல என்ன இருக்கு?" என்பார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தலை மேலே போகும், அப்புறம்தான் வீட்டுக்காரர்களுக்கு வணக்கம். கல்யாணத்துக்கு முன்னால் முதன்முதலாக மனைவியின் வீட்டுக்கு வந்தபோதும் வாசலைத் தாண்டியதும் அண்ணாந்து பார்த்தபடியே நின்றுவிட்டார். சாமி கும்பிடுகிறாராக்கும் என்று வீட்டில் எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். கடைசியில் அவர் சொன்ன முதல் வாக்கியம்: "இந்த மூலையில தண்ணி இறங்குது."

அன்று மாலையே அவள் தம்பி அவருக்கு அண்ணாந்தார் என்று பெயர் வைத்துவிட்டான். பெயிண்ட் கடைவரை அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. சொந்தப் பெயரில் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புவார்.

அவரிடம் இருந்த மூலதனம் இரண்டே சொற்கள். தன்னைப் பற்றி யார் என்ன கேட்டாலும் "பரவாயில்ல". வேலையைப் பற்றிக் கேட்டால் "கிட்டத்தட்ட முடிஞ்சுது". ரோலரை இன்னும் பிரிக்கவே இல்லை என்றாலும் கிட்டத்தட்ட முடிந்துதான் இருக்கும். வேலை முடிந்து, ஏணியை மடக்கி, கை கழுவிவிட்டு வந்து நிற்கும்போதும் அதே கிட்டத்தட்டதான். ஒரு நாளும் சுத்தமாக முடிந்தது என்று சொன்னவரில்லை.

இப்படிப்பட்டவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அண்ணாந்தால் மட்டும் பின்கழுத்தில் யாரோ ஆணி இறக்கியதுபோல் ஒரு வலி கிளம்பி, தோள்பட்டை வரை இழுத்துக்கொண்டு போகும். முதலில் ரோலர் கம்பியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கட்டிக்கொண்டு, குனிந்து அதைப் பார்த்தபடியே சீலிங் அடித்துப் பார்த்தார். கண்ணாடியில் இடம் வலமாகி, வலம் இடமாகி, அடித்த பட்டையையே மறுபடி மறுபடி அடித்து, பக்கத்துப் பட்டையை அம்போவென்று விட்டிருந்தார். தான் கேலிசெய்துவந்த சுவர் வேலைக்கு அவர் போய்ச் சேர்ந்தது அந்த வாரத்தில்தான்.

"என்ன அத்தான், நேராப் பாக்க ஆரம்பிச்சிட்டீங்களாமே?" என்றான் தம்பி.

"சும்மா இரு மாப்ள. ஒரு மாறுதலுக்கு."

மாறுதல் இரண்டு வருஷம் நீண்டது. களிம்பு, மாத்திரை, சுடுதண்ணீர்ப் பை, கழுத்துப் பட்டை, உடற்பயிற்சி எல்லாம் வந்து போயின. கேட்டால் பரவாயில்ல. மனைவியும் நம்பிக்கொண்டிருந்தாள். டாக்சிக்கு ஃபோன் செய்பவர்கள் பத்து நிமிஷம் தாமதமானாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்கள். நாளெல்லாம் அதைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, கத்தாதவருக்கு வலி அவ்வளவாக இருக்காது என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.

ஒரு நாள் இருவரும் ஒரு சொந்தக்காரர் புதிதாகக் கட்டிய வீட்டுக்குப் போனார்கள். வாசலைத் தாண்டியதும் அவள் வழக்கம்போல நின்றாள், இவர் பார்த்து முடிக்கட்டும் என்று. அவர் தரையைப் பார்த்தபடி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். புது வீடு, புது சீலிங், நடுவில் பூவேலை வேறு. அவர் ஒரு தரம்கூடத் தலையைத் தூக்கவில்லை. இந்த மனிதரைத் திரும்ப அண்ணாந்து பார்க்க வைக்காமல் விடுவதில்லை என்று அவள் அங்கேயே முடிவுகட்டிக்கொண்டாள்.

தம்பிதான் எங்கெங்கோ விசாரித்து, வலிக்கென்றே தனியாக ஒரு டாக்டர் இருப்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். மூவருமாகப் போனார்கள். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார், கழுத்தை அழுத்திப் பார்த்தார், அண்ணாந்து காட்டச் சொன்னார்.

"கழுத்துல எலும்பு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்குல்ல, ஒவ்வொரு அடுக்குக்கும் பின்னாடி ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன மூட்டு இருக்கு. அண்ணாந்து அண்ணாந்தே அதைத் தேய்ச்சிருக்கீங்க. தேஞ்ச மூட்ட புதுசாக்க முடியாது. ஆனா அங்கேர்ந்து வலியைத் தூக்கிட்டுப் போறது நூல் மாதிரி ஒரு நரம்பு. ஊசி முனையால அதுக்குச் சூடு குடுத்து வேலை செய்ய விடாம பண்ணலாம். கத்தி கிடையாது, தையல் கிடையாது. அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"காலிங் பெல் ஒயரைக் கழட்டி விடற மாதிரி" என்றான் தம்பி. "வெளிய நிக்கறவன் நின்னுக்கிட்டேதான் இருப்பான். மணி மட்டும் அடிக்காது."

"கிட்டத்தட்ட" என்றார் டாக்டர்.

அண்ணாந்தார் முகம் மலர்ந்தது. தன் சொல்லைப் படித்தவர் ஒருவர் வாயிலிருந்து கேட்டதில் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஆனா முதல்ல ஒரு சோதனை" என்று டாக்டர் தொடர்ந்தார். "அந்த நரம்புகிட்ட மரத்துப்போற மருந்து போடுவேன். சில மணி நேரம்தான் நிக்கும். அந்த நேரத்துல எதெது செஞ்சா வலிக்குமோ அதையெல்லாம் செஞ்சு பாருங்க. வலி போச்சுன்னா சரியான ஒயரைப் புடிச்சிருக்கோம். போகலன்னா வலி வேற எங்கேர்ந்தோ வருது. அப்ப சூடு வெச்சுப் பிரயோஜனமில்ல, வைக்கவும் மாட்டேன். சரி, இப்ப சொல்லுங்க. வலியே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து. உங்களுக்கு எவ்வளவு?"

அவர் டாக்டரின் முகத்தைப் பார்த்தார். களைத்த முகம்.

"ஒரு ரெண்டு இருக்கும்மா."

ஊசி போட்டார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து திரும்பியபோது அண்ணாந்தார் குளியலறையில் முக்காலி மேல் ஏறி நின்று, ஏதோ பழைய பாட்டை முனகியபடி சீலிங்கில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். தலை முழுசாகப் பின்னால் சாய்ந்திருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த முக்காலி மேல் நின்றபடியேதான் கொஞ்ச நேரம் முன்னால் அவர் நர்சின் ஃபோனுக்குப் பதில் சொல்லியிருக்கிறார் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

அடுத்த முறை போனபோது டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு இருந்தது ஒண்ணரை ஆயிருக்கு. இது போதாது. அந்த நரம்பா இருக்காதுன்னு நினைக்கறேன். விட்டுடலாம்."

"ஒண்ணரையா?" என்றாள் மனைவி. "டாக்டர், அன்னைக்கு இவர் பாட்டுப் பாடிக்கிட்டு சீலிங்ல ஒட்டடை அடிச்சாரு. நானே பாத்தேன்."

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"என்னங்க இதெல்லாம்? மொதல்ல எதுக்கு ரெண்டுன்னு சொன்னீங்க?"

"காலைலேர்ந்து எத்தனை பேரு வலியைக் கேட்டிருப்பாங்களோ, பாவம். நான் வேற போயி ஏழு, எட்டுன்னு சுமையை ஏத்தணுமா?"

"சரி, ஊசிக்கு அப்புறம்?"

"சுத்தமாப் போயிடுச்சுதான். ஆனா தொழில்ல அப்படிச் சொல்லக் கூடாதும்மா. சுத்தமா முடிஞ்சுதுன்னு சொன்ன அன்னைக்குத்தான் வீட்டுக்காரர் டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு வருவாரு. அதான் நர்சம்மாகிட்ட, கிட்டத்தட்டப் போயிடுச்சு, ஒண்ணரைன்னு வெச்சுக்கங்கன்னேன்."

தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டான். டாக்டரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஸ்கேன்ல தேய்மானம் தெரியும், வலி தெரியாது. நான் ஊசியை எங்க வைக்கணும்னு உங்க வாய்தான் எனக்குச் சொல்லணும். நீங்க எனக்கு மரியாதை குடுத்தா நான் தப்பான எடத்துல சூடு வெச்சிடுவேன். இன்னொரு தடவை போட்டுப் பாக்கறேன். அதுலயும் இப்படித்தான்னா, இதோட விட்டுடுவோம்."

வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. சாப்பிடும்போது, செருப்புப் போடும்போது, மேல் அலமாரியிலிருந்து ஏதாவது எடுக்கும்போது என்று சொல்லாமல் கொள்ளாமல் மனைவி கேட்பாள். "பத்துக்கு எவ்வளவு?" கண்ணில் நீர் கோத்துக்கொண்டிருக்கும், பதில் மட்டும் "ரெண்டு". தம்பி மிரட்டிப் பார்த்தான். "அத்தான், இந்தத் தடவை ரெண்டுன்னீங்க, வாழ்நாள் பூரா சுவர்தான்." அதற்குக் கொஞ்சம் பலன் இருந்தது. மூன்று என்றார்.

அவள் சலித்துப்போயிருந்த ஒரு மத்தியானம் பெயிண்ட் கடைக்காரரோடு அவர் ஃபோனில் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதருக்குக் குரல் அப்படி உயர்ந்திருந்தது.

"அது க்ரீம் இல்லைங்கறேன். யானைத் தந்தத்து நிறம். பக்கத்துக் கட்டத்துக்கும் இதுக்கும் ஒரு சொட்டு மஞ்சள் வித்தியாசம் இருக்கு. நீங்க க்ரீம்னு எழுதி அனுப்பினா நானும் க்ரீம்னு சொல்லணுமா? வீட்டுக்காரரே சொன்னாலும் சொல்ல மாட்டேன்."

காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். தன் விஷயத்தில் எதையும் பூசி மெழுகிவிடுகிற ஆள், நிறத்தில் மட்டும் மயிரிழைகூட விட்டுக்கொடுக்க மாட்டார். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் இதைப் பயன்படுத்திக்கொள்ளத் தோன்றவில்லையே என்று தன்னையே நொந்தபடி அவருடைய தோள்பையைக் குடைந்தாள். உள்ளே பெயிண்ட் கம்பெனி கொடுக்கும் ஷேடு கார்டு இருந்தது. அதில் சிவப்புக் குடும்பம் ஒரு பத்திக்கு இருந்தது. மேலே வெள்ளையோடு வெள்ளையாக ஒரு இளஞ்சிவப்பு, கீழே போகப் போக ரோஜா, செங்கல், கடைசியில் கறுப்புக்கு அண்டை வீடாக ஒரு சிவப்பு. மொத்தம் பத்துக் கட்டம். கடவுளே பெயிண்ட் கம்பெனியில் வேலை பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

இரண்டாவது சோதனை அன்று டாக்டர் முன்னால் கார்டை விரித்தாள். "நம்பர் வேண்டாம் டாக்டர். இப்படிக் கேளுங்க."

டாக்டருக்கு விஷயம் பிடிபட ஒரு நொடி ஆனது. பிறகு, "அண்ணாந்து பாருங்க. அப்படியே இருங்க. சரி, இப்ப காட்டுங்க, எந்த நிறம்?" என்றார்.

அண்ணாந்தார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கார்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். மரியாதை, இரக்கம், தொழில் சாமர்த்தியம் எல்லாம் முகத்திலிருந்து கழன்று விழுந்தன. விரல் மேல் கட்டங்களைச் சட்டையே செய்யாமல் தாண்டி இறங்கிக்கொண்டே போனது.

"இது" என்றார். "இதுவும் காஞ்சதுக்கு அப்புறம் இல்ல. ஈரமா இருக்கறப்ப. கொஞ்சம் கூடத் தெரியும் பாருங்க."

எட்டாவது கட்டம். செங்கலைத் தாண்டி.

டாக்டர் குறித்துக்கொண்டார். ஆள் சிக்கினார் என்று ஆரவாரம் பண்ணத்தான் மனைவி வந்திருந்தாள். இரண்டு வருஷமாக இந்த நிறத்தோடு இவர் தன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், தூங்கியிருக்கிறார், பரவாயில்ல என்றிருக்கிறார். கார்டை மடிக்கிற சாக்கில் தலை குனிந்துகொண்டாள்.

ஊசி போட்டபின் ஆஸ்பத்திரி நடைபாதையில் அவரை மேலும் கீழும் நடக்க விட்டார்கள். அவர் தலையைத் தூக்கி, "இங்க ரோலர்ல அடிக்காம பிரஷ்ல அடிச்சிருக்கான், கோடு தெரியுது" என்று நர்சுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். மறுபடி கார்டை நீட்டியதும் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். விரல் முதல் கட்டத்துக்குப் போனது, அங்கேயும் நிற்காமல் கட்டத்துக்கு வெளியே, ஒன்றும் அச்சடிக்காத ஓரத்துக்குப் போனது.

"இதுல ஷேடு இல்ல. இந்த ஓரத்து வெள்ளைதான்."

"சுத்தமா?" என்று கேட்டாள் மனைவி.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சுத்தமா" என்றார்.

சூடு வைத்த நாளைப் பற்றி அவர் பல வீடுகளில் பல விதமாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கிருந்த ஒரே குறை குப்புறப் படுக்க வைத்ததுதான். தலையணை நடுவில் ஒரு ஓட்டை, அதில் முகம், கண்ணெதிரே தரை. எக்ஸ்ரே மெஷின் தலைக்கு மேல் வளைந்து நிற்க, ஊசி போகிற வழியைத் திரையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து குரல் வந்ததாம்.

"டாக்டரம்மா, டைல்ஸ் இடுக்குல கறுப்புப் புடிச்சிருக்கு."

"பேசாதீங்க. கை தானாத் துடிக்குதா?"

"இல்லம்மா."

"கழுத்துல மட்டும் சுரீர்னு இருக்கா?"

"இருக்கும்மா. நாலாவது ஷேடு."

"நல்லது. சரியான எடம்தான். மரத்துப்போக மருந்து போட்டுட்டு சூடு வைக்கப் போறேன். அசையக் கூடாது."

"எத்தனை கோட்டும்மா? பெயிண்ட்டுல ரெண்டு அடிப்போம்."

"ஒரே கோட்தான்."

கிளம்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாள் வெயிலில் காய்ந்த தோல்போல எரியும், பயப்பட வேண்டாம். நரம்பு திரும்ப வளரும், ஒரு வருஷமோ அதற்கு மேலோ கழித்து வலி திரும்பினால் மறுபடி வரலாம். "அப்ப ரீபெயிண்டிங்" என்றார் அண்ணாந்தார்.

எரிந்தது. இரண்டு வாரம் கார்டில் விரல் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஊசலாடியது. மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு காலை சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் பின்னால் சத்தமே இல்லாததைக் கவனித்துத் திரும்பினாள். வாசற்படியில் அவர் நின்றுகொண்டிருந்தார். தலை மேலே போயிருந்தது.

"இந்த மூலையில தண்ணி இறங்குது" என்றார்.

"நாலு வருஷமா இறங்குது" என்றாள் அவள். சோப்புக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டதால் அன்று காலை முழுக்க எரிந்தது.

அதற்குப் பிறகு ஊரில் அவர் பார்க்காத சீலிங் இல்லை. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அடித்துத் தள்ளினார். ஷேடு கார்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டது. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது அவள் கேட்பாள், "இன்னைக்கு என்ன நிறம்?" அவர் போகிற போக்கில் ஓர் ஓரத்தைத் தொட்டுவிட்டுப் போவார். மூலையில் ஒழுக்கை அடைத்தாயிற்று. ஆனால் சமையலறை சீலிங்குக்கு மட்டும் நாள் அமையவில்லை. ஊருக்கெல்லாம் வெள்ளை, நமக்கு மட்டும் புகை மஞ்சளா என்று அவள் ஒரு பிடி பிடித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்கு மேல் பேப்பரை விரித்துக் காரியத்தில் இறங்கினார். பாதியில் ஃபோன் வந்தது. பின்னால் டாக்சி அலுவலகத்துக்கு ஃபோன் செய்த அந்தப் பெண்ணின் வீட்டு வேலை, அவசரம் என்றார்கள்.

"இது?" என்றாள் மனைவி.

"கிட்டத்தட்ட முடிஞ்சுது."

அங்கே வேலை தொடங்கிய மூன்றாம் நாள் காலையும் அவர் கார்டின் வெள்ளை ஓரத்தைத் தொட்டுவிட்டுத்தான் போனார். பொய் சொல்லவில்லை. அது கழுத்துக்காக ஏற்பட்ட கார்டு. நெஞ்சைப் பற்றி அதில் யாரும் கேட்டதில்லை.

அதனால்தான் மூன்றே முக்காலுக்கு அவள் அப்படிக் கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னாள். "இல்லீங்க, கழுத்துன்னு எதுவும் சொல்லல. மொகம் ஒரு மாதிரியா இருந்துது. என்ன பண்ணுதுன்னு கேட்டேன். பரவாயில்லம்மான்னாரு."

அலுவலகத்து டாக்சியிலேயே தம்பியை ஏற்றிக்கொண்டு அவள் அந்த வீட்டுக்குப் போனாள். கூடத்தில் ஏணி இன்னும் விரித்தபடியே நின்றது. தண்ணீர் கொண்டுவந்த தம்ளர் மேசைமேல் அப்படியே நிரம்பியிருந்தது. உள்ளே நுழைந்ததும் தம்பியின் தலை தானாகவே மேலே போனது. போனபிறகுதான், இது யார் பழக்கம் என்று அவனுக்கே உறைத்தது. சீலிங் வெள்ளை வெளேரென்று, ஒரு கோடோ திட்டோ இல்லாமல், மூலைக்கு மூலை போயிருந்தது.

"முடிஞ்சுதான்னு கேட்டேன்" என்றாள் அந்தப் பெண். "கிட்டத்தட்டன்னாரு."

"சுத்தமா முடிஞ்சிருக்கு" என்றான் தம்பி.

அண்ணாந்தார் வீட்டுச் சமையலறையில் இரண்டாவது கோட் அடுப்புக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அதற்கப்பால் ஜன்னல் வரைக்கும் முதல் கோட்தான். விளக்கைச் சுற்றி அவர் ஒட்டிய டேப்பை யாரும் இன்னும் உரிக்கவில்லை.